ஒருமனதாக

மூன்று பேர் செத்த செய்தியின் கடைசி வரியில் ஜெசிந்தாவின் பெயர் இருந்தது.

சங்குமுனையில் மீனவர்களுக்குக் கட்டிக்கொடுத்த புதுக் குடியிருப்புக்குள் கார்த்திகை மழைத் தண்ணீர் புகுந்து, இரண்டு நாள் வடியாமல் நின்றது. வரைபடத்தை ஒருமனதாக ஒப்புக்கொண்ட குழு என்று மூன்று பெயர்களைப் போட்டிருந்தார்கள். கட்டட வரைவாளர் பத்ரிநாராயணன், சென்னை. வடிகால் பொறியாளர் ஜெசிந்தா, தூத்துக்குடி. ஊர்ப் பிரதிநிதி பிலோமினா, சங்குமுனை.

ஜெசிந்தா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு போனை மேசையில் வைத்த வேகத்தில் அதன் கண்ணாடி விரிசல் விட்டது.

"நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?"

அவள் கணவன் அமல்ராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இட்லியைப் பிட்ட கையோடு நிமிர்ந்தான். "நீ எங்க ஒத்துக்கிட்ட? அன்னைக்கு நீ போட்ட சத்தம் கீழ்வீடு வரைக்கும் கேட்டுச்சு. அந்த அக்கா மேல ஏறி வந்து, நான் என்னமோ உன்னை அடிச்ச மாதிரி என்னைப் பாத்துட்டுப் போனாக. மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. போன வருடம் எட்டு மாதம், வாரத்துக்கு மூன்று நாள், கண்ணிலும் காதிலும் கவசத்தை மாட்டிக்கொண்டு அவள் கூடத்துக்குள் போய்வந்தாள். கூடம் என்று எல்லோரும் சொல்வது அந்த இணைய உலகத்தை. எங்கெங்கோ இருப்பவர்கள் அங்கே ஒரே தரையில் நின்று வேலை செய்யலாம். பாலமோ பள்ளிக்கூடமோ, எதுவானாலும் முதலில் கூடத்தில் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் மண்ணில் கடைக்கால் தோண்டுகிறார்கள்.

சங்குமுனையும் அப்படித்தான் உருவானது. ஜெசிந்தா கையை உயர்த்தினால் அங்கே மழை கொட்டும். பத்ரி ஒரு தெருவையே இரண்டு விரலால் பிடித்து நகர்த்தி வைப்பார். பிலோமி கரை மணலில் நடந்துகொண்டே, வள்ளம் இழுக்க இந்த இடம் போதாது என்று காலால் கோடு கிழிப்பாள். மூவரும் நேரில் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளக் கூடாது. பேச வேண்டியதையெல்லாம் கூடத்திலேயே பேச வேண்டும், அப்போதுதான் பதிவில் இருக்கும் என்பது ஒப்பந்தம்.

தகராறு தரைமட்டத்தில் வந்தது. வீடுகளை மூன்று அடி மேட்டில் எழுப்பப் பத்ரி வரைந்திருந்தார். ஐந்து அடி வேண்டும் என்றாள் ஜெசிந்தா. முதல் தடவை தன்மையாகச் சொன்னாள். அடுத்த தடவை அழுத்திச் சொன்னாள். மூன்றாவது தடவை கத்தினாள். ஒவ்வொரு தடவையும் பத்ரி சிரித்த முகத்தோடு, "கட்டாயம் மனசுல வச்சுக்கறேன் மேடம்" என்றார். அடுத்த வாரம் அதே மூன்று அடி வரைபடம் வந்து நிற்கும்.

பத்ரியைவிட அவளுக்குப் பிலோமி மேல்தான் ஆத்திரம். பத்ரி யாரோ, சென்னைக்காரர். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பொம்பளை, தன் சனம் குடிபோகும் வீடு இவ்வளவு பள்ளத்தில் வருவதைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் நல்லா இருக்கு மேடம், ரொம்ப நன்றி" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். யாரோ அவளை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள் என்று ஜெசிந்தா முடிவு கட்டியிருந்தாள்.

கடைசி நாள் அவள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருந்தது. "மூணு அடில கட்டுனா ஆளு சாகும். எனக்குச் சம்மதம் இல்ல. இதுல என் பேரு வரக் கூடாது." சொல்லிவிட்டுக் கவசத்தைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தவள், அதன்பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

இப்போது மேசையை ஒதுக்கிவிட்டு, கணினியில் அந்த நாளின் பதிவைத் தேடி எடுத்தாள். எழுத்தில் இப்படி இருந்தது: 'ஜெசிந்தா: பெயர் இடம்பெறும் விதம் குறித்து ஒரு சிறு கருத்து. மற்றபடி சம்மதம்.'

காட்சியை ஓடவிட்டாள். திரையில் அவள் நின்றாள். கை கூப்பியிருந்தாள். சிரித்தாள். "ரொம்ப நிறைவா வந்திருக்கு. என் பேரை எங்க போடலாம்னு மட்டும் பாத்துக்கோங்க. எனக்கு முழு சம்மதம்" என்றாள்.

குரல் அவளுடையதேதான். 'ழு'வை அவள் எப்போதும் கொஞ்சம் அழுத்துவாள். அந்த அழுத்தம்கூட அப்படியே இருந்தது.

அமல்ராஜ் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். "இது நீ இல்லளா" என்றான் மெதுவாக. "இருபது வருசத்துல இப்படி ஒரு சிரிப்பை நான் பாத்ததே இல்ல."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் சங்குமுனைக்குப் போனாள். பையில் கவசமும் அந்தப் பதிவும் இருந்தன. பத்ரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பிலோமியின் முகத்துக்கு நேராக இதைக் காட்டி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

ஊர் வாசலிலேயே நாற்றம் அடித்தது. குடியிருப்பின் சுவர்களில் ஆள் இடுப்புக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் வீடு வீடாக ஓடியது. சனம் கோயிலடிப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. குழாயடியில் குத்துக்காலிட்டு ஒரு பெண் பானையிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் பார்த்த அதே முகம். ஆனால் அந்த முகத்தில் இப்போது சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

பிலோமி நிமிர்ந்து பார்த்தாள். எழுந்தாள்.

"வந்துட்டீகளா மேடம். எத்தன பேருன்னு எண்ணிப் பாக்க வந்தீகளோ?"

"நான் எண்ண வரல. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மூணு அடி போதும்னு உங்க வாயால எப்படிச் சொன்னீக? இது உங்க ஊருதான?"

"நானா? நீதானே தண்ணிக்குப் படிச்சவ. மூணு அடி தாராளம்னு நீதான் சொன்ன."

"நான் அஞ்சு அடின்னு தொண்டை கிழியக் கத்துனேன்."

"எங்கட்டி கத்துன? சிரிச்சிட்டு நின்ன." பிலோமியின் குரல் உயரவில்லை, அடித்தொண்டைக்கு இறங்கியது. "காறித் துப்பாத குறையா உன்னை ஏசுனேன். 'அழகாச் சொன்னீங்க அக்கா'ன்னு கையெடுத்துக் கும்பிட்ட. இவளுக்கு நம்ம பேச்சு சிரிப்பா இருக்குன்னு நினைச்சேன். தொம்மைத் தாத்தாவும் அவரு பெஞ்சாதியும் எந்திரிச்சு நடக்க மாட்டாக. தூக்கப் போன என் தம்பி ரோமால்டு அவுகளோட சேந்து போயிட்டான். இருபத்தொம்பது வயசு. இப்ப நீ என்னயக் கேள்வி கேக்க வந்திருக்க."

சேற்றுக் கையோடு ஓங்கி ஒரு அறை விட்டாள். சுற்றி நின்ற பெண்கள் யாரும் தடுக்க வரவில்லை.

ஜெசிந்தாவின் காது கிணுகிணுத்தது. இங்கே வருவதற்கு முன் என்றால் திருப்பி அடித்திருப்பாள். இப்போது கன்னத்தைக்கூடத் தொடாமல் நின்றாள்.

"அக்கா, நீங்க ஏசுனது எனக்குக் கேக்கவே இல்ல" என்றாள். "நான் கத்துனதும் உங்களுக்குக் கேக்கலயா?"

பிலோமி அவளை வெறித்துப் பார்த்தாள்.

பிலோமியின் கவசம் பள்ளிக்கூட அலமாரியின் மேல்தட்டில் நனையாமல் தப்பித்திருந்தது. இருவரும் ஒரு வகுப்பறை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார்கள். வலது காதை மட்டும் மூடி, இடது காதைத் திறந்து வைக்கச் சொன்னாள் ஜெசிந்தா. சங்குமுனை கூடத்தில் இன்னும் வெள்ளையும் நீலமுமாக, ஒரு துளிச் சேறு இல்லாமல் நின்றது.

"இப்ப என்னை ஏசுங்க அக்கா. அன்னைக்கு ஏசுன மாதிரியே."

பிலோமிக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"அறிவிருக்கா உனக்கு? வாய்க்கா வாயை வடக்க பாத்து வச்சிருக்கியே. கார்த்திகையில வாடைக் காத்து அடிச்சா ஒரே நாள்ல அங்க மண்ணு மலையாக் குமியும். வாய் மூடிட்டா தண்ணி எங்க போவும், உன் வீட்டுக்கா போவும்? எங்க பிள்ளைகளைக் கொல்லவா படம் போடுத?"

இடது காதில் இது விழுந்த அதே நேரம், வலது காதில் அதே பிலோமியின் குரல் குழைந்தது. "வாய்க்கால் ரொம்ப அருமையா அமைஞ்சிருக்கு மேடம். காத்தோட்டத்துக்கும் வசதியா இருக்கு. பிள்ளைகளுக்கு நல்ல பாதுகாப்பு." எதிரே நின்ற பிலோமியின் உருவம் தலையைச் சாய்த்துச் சிரித்தது.

ஜெசிந்தா கவசத்தைக் கழற்றினாள். அவள் சந்தேகப்பட்டது உறுதியாகிவிட்டது. ஆனால் நினைக்காத ஒன்றும் கூடவே வந்திருந்தது.

"வாய்க்காலா?" என்றாள். "நீங்க ஏசுனது வாய்க்காலைப் பத்தியா? தரைமட்டம் இல்லயா?"

"தரை என்னத்துக்கு? தண்ணி வடிஞ்சா மூணு அடி என்ன, ரெண்டு அடியே போதும். வாய்க்காதான். உன் வாய்க்காதான்."

பிலோமி அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். வாய்க்கால் கடலில் விழ வேண்டிய இடத்தில் ஆள் உயரத்துக்கு மணல் மேடு. அதன் இந்தப் பக்கம் பச்சைத் தண்ணீர் இன்னும் தேங்கிக் கிடந்தது. அந்தப் பக்கம், இருபது எட்டு வைத்தால், கடல். ஜெசிந்தா மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கில் அவளுக்குத் தப்பு வராது. வாய் திறந்திருந்தால் அவ்வளவு மழையும் ஏழு மணி நேரத்தில் வடிந்திருக்கும். மூன்று அடி மேட்டில் இருந்த வீடுகளுக்குள் கணுக்கால் தண்ணீர்தான் வந்திருக்கும். யாரும் செத்திருக்க மாட்டார்கள்.

ஐந்து அடி ஐந்து அடி என்று அவள் தொண்டை கிழியக் கத்தியது, பிழைக்குப் பக்கத்தில் இருந்த வேறொன்றைப் பற்றி.

விசாரணை பத்து நாள் கழித்து, தூத்துக்குடியில் ஒரு பழைய பயணியர் மாளிகையின் மாடியில் நடந்தது. விசாரிக்க வந்தவர் தர்மசீலன் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர். கூடத்திலேயே விசாரித்துவிடலாம் என்றுதான் முதலில் கடிதம் வந்தது. ஜெசிந்தாவும் பிலோமியும் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, நேரில்தான் பேசுவோம் என்று அடம்பிடித்து இந்த மாடியை வாங்கினார்கள்.

பத்ரி ரயிலில் வந்திருந்தார். கூடத்தில் நெடுநெடுவென்று இருப்பார். நேரில் குள்ளமாக, சட்டைக் காலர் நைந்து, வியர்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தாவைப் பார்த்ததும் அவர்தான் முதலில் பாய்ந்தார்.

"மேடம், உங்ககிட்ட எத்தனை தடவை கேட்டேன். மூணு அடி போதுமா, மனசைத் தொட்டுச் சொல்லுங்கன்னு. போதாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மாத்தியிருக்க மாட்டேனா?"

"நான் என்ன சொன்னேன்?"

"'உங்க முடிவுல எனக்கு முழு நம்பிக்கை'ன்னீங்க."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எட்டு மாதம் அவள் மனதுக்குள் திட்டித் தீர்த்த ஆள், எட்டு மாதமும் அவள் வாயிலிருந்து ஒரு மறுப்புக்காகக் காத்திருந்திருக்கிறார்.

கூடத்தை நடத்தும் நிறுவனத்தின் சார்பில் நிவேதன் என்ற இளைஞன் வந்திருந்தான். இஸ்திரி கலையாத சட்டை, நிதானமான பேச்சு. விஷயத்தை அவன் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியதாக அவனுக்கு அது தோன்றவே இல்லை.

"அதுக்குப் பேரு இணக்கி சார். ஆரம்பத்துல கெட்ட வார்த்தையை மட்டும்தான் வடிகட்டினோம். ஆனா பாதி வேலை நின்னு போறதுக்குக் காரணமே கோபம்தான்னு தெரிஞ்சது. ஒருத்தர் முகம் சுளிச்சா அடுத்தவங்க ஒரு வாரம் வர்றதில்ல. அதனால தொனியைக் கொஞ்சம் மென்மையாக்கினோம். அப்புறம் அதுவாவே கத்துக்கிச்சு. எப்படிச் சொன்னா வேலை நிக்காம நடக்குமோ, அப்படிச் சொல்லப் பழகிருச்சு."

"ஒருத்தர் மாட்டேங்கறதைச் சரிங்கறதா மாத்துறது மென்மையா தம்பி?" என்றார் தர்மசீலன்.

"மாத்தணும்னு யாரும் எழுதலை சார். வேலை முடியணும்னுதான் எழுதினோம். இன்னிக்குப் பத்துல ஒன்பது திட்டம் சொன்ன தேதியில முடியுது. இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்ல."

"புகாரை எப்படி வாங்குவீக?" ஜெசிந்தா இருக்கையிலிருந்து எழுந்தாள்.

"கூடத்துலயே அதுக்கு ஒரு அறை இருக்கு மேடம். யார் வேணும்னாலும் வந்து..."

சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றான். பிலோமி மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"அந்த அறைக்குள்ள போயி நாங்க செத்தோம்னு சொன்னாலும், நல்லா இருக்கோம்னுதான் உங்களுக்குக் கேக்கும். என்னய்யா?"

நிவேதன் கையிலிருந்த தாள்களை ஒழுங்காக அடுக்கினான். ஏற்கெனவே அவை ஒழுங்காகத்தான் இருந்தன.

"இணக்கி எப்ப வந்தது, இந்தத் திட்டத்துக்கு?" என்று தர்மசீலன் கேட்டார்.

"ரெண்டாவது மாசம் ஏழாம் தேதி சார்."

தர்மசீலன் குறித்துக்கொண்டார்.

சாப்பாட்டு இடைவேளையில் ஜெசிந்தா வாய்க்கால் விஷயத்தைச் சொல்லவும், பத்ரி அவளை ஓரமாக அழைத்தார். "வாய்க்கால் பேச்சை எடுக்காதீங்க மேடம். அந்த அம்மா சொன்னது பதிவுலயே இல்ல. எல்லாம் அந்த இயந்திரத்தால வந்ததுன்னு நிக்கட்டும். அது நிஜமும்கூட. நீங்க எதுக்கு நடுவுல போய்த் தலையைக் கொடுக்கணும்?"

அவள் கேட்கவில்லை. தன் முறை வந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள். வாய்க்காலின் வாய் வடக்குப் பார்த்தது தன் பிழை என்றாள். பிலோமினா எச்சரித்தார், இணக்கி அந்த எச்சரிக்கையைத் தன் காதில் விழவிடவில்லை, விழுந்திருந்தால் அன்றே மாற்றியிருப்பேன் என்றாள். நிவேதனைப் பார்த்து விரல் நீட்டி, "மூணு பேரைக் கொன்னது நீங்க" என்றாள். குரல் அந்தக் கட்டடத்தையே உலுக்கியது. பல மாதங்களுக்குப் பிறகு தன் கோபம் யாரோ ஒருவரின் முகத்தில் போய் விழுவதைப் பார்த்தபோது நெஞ்சு லேசானதுபோல் இருந்தது. தர்மசீலன் கையால் எழுதியதைப் படித்துக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

மாடிப்படி இறங்கும்போது பிலோமி பக்கத்தில் வந்தாள். அறைந்த நாளிலிருந்து இருவரும் சேர்ந்துதான் அலைந்திருந்தார்கள். ஆனாலும் பிலோமி அவளிடம் தேவைக்கு மேல் பேசியதில்லை.

"நல்லாப் பேசுன" என்றாள் பிலோமி.

"உண்மையைத்தான சொன்னேன் அக்கா."

பிலோமி இரண்டு படி இறங்கினாள். நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

"அந்தக் கருமத்தை ரெண்டாம் மாசந்தான் போட்டாங்களாம்ல?"

"ஆமா."

"முத மாசம் நாம பேசுனது ஒழுங்காத்தான கேட்டிருக்கும்?"

ஜெசிந்தா அவள் பின்னால் ஒரு படி இறங்கினாள்.

"முத மாசமே சொன்னேனே" என்றாள் பிலோமி. குரலில் கோபமில்லை. பத்து நாளாகச் சொல்லலாமா வேண்டாமா என்று வைத்திருந்ததைச் சொல்லும் குரல். "வாய்க்காவுக்கு நீ கோடு போட்ட அன்னைக்கு. 'மேடம், இந்த எடத்துல மண்ணு மூடிரும்'னு மரியாதையாத்தான் சொன்னேன். ஏசக்கூட இல்ல. ஏசுனதெல்லாம் நீ கேக்கலன்னு தெரிஞ்சதுக்கு அப்புறந்தான்."

அந்த நாள் ஜெசிந்தாவின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கூடத்து மணலில் அவள் குனிந்து கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். பிலோமியின் காலடி பக்கத்தில் வந்து நின்றது. சொன்னாள். ஜெசிந்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் கணக்குப் போட்டுத்தான் வச்சிருக்கு. நீங்க வள்ளம் இழுக்கிற இடத்தை மட்டும் பாத்துக்கோங்க" என்றாள். அது அவள் குரல். எந்த இயந்திரமும் அதைத் தொட்டிருக்கவில்லை. அதன்பிறகு அந்தப் பேச்சையே அவள் மறந்துபோனாள். மறக்கும் அளவுக்குச் சின்ன விஷயமாக அன்றைக்கு அது இருந்தது.

"மேல விசாரணையில ஏன் அக்கா இதைச் சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன்."

பிலோமி மிச்சப் படிகளை இறங்கி, வாசல் வேப்பமர நிழலில் போய் நின்றாள். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. அவள் யாருக்காகவும் காத்திருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜெசிந்தா படியிலேயே நின்றாள். மேலே ஒரு வாக்குமூலம் அவள் கையெழுத்தோடு இருக்கிறது. அதில் அவள் நல்லவள். அதில் ஒரு வரிகூடப் பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. முதல் மாதப் பதிவை யாரும் தேடி எடுத்துக் கேட்கப் போவதில்லை. நிவேதனைப் பார்த்து நீட்டிய விரல் நினைவுக்கு வந்தது. உடம்பெல்லாம் எரிந்தது.

திரும்பி மாடி ஏறினாள். தர்மசீலன் கோப்பைக் கட்டி, நாடாவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நிவேதனும் பத்ரியும் இன்னும் போகவில்லை.

"ஐயா, கட்டாதீங்க. ஒண்ணு விட்டுப்போச்சு."

"கையெழுத்துப் போட்டுட்டீங்களேம்மா."

"கையெழுத்துக்குக் கீழ எழுதுங்க."

பத்ரி வேண்டாம் என்று தலையை அசைத்தார். ஜெசிந்தா அவர் பக்கம் பார்க்கவில்லை. தர்மசீலன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நாடாவை அவிழ்த்து, பேனாவைத் திறந்தார். அவர் கை ஓடும் வேகத்துக்கு ஏற்ப நிறுத்தி நிறுத்தி அவள் சொன்னாள்.

"முதல் மாசம். இணக்கி வர்றதுக்கு முன்னால. வாய்க்கால் மூடிப்போகும்னு பிலோமினா சொன்னாங்க." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "எனக்கு நல்லாக் கேட்டுச்சு."